கதவை விடாத கால்

நோயிலிருந்து தொடங்கினால் இந்தக் கதை பாதிப் பொய்யாகிவிடும். பொறாமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் ஓரகத்தி கோகிலாவைப் பார்த்து நான் பத்தொன்பது வருடம் பொறாமைப்பட்டேன். அதை மறைத்துவிட்டு என் வலது கால் விழுந்ததையும், ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்ததையும் மட்டும் எழுதினால், என் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போல எல்லாம் நார்மல் என்றுதான் வரும்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே எங்களுக்குத் தென்னந்தோப்பு. அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே தோட்டத்தில் இரண்டு வீடு. மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான், தேவகி. இளையவருக்கு வந்தவள் கோகிலா, என்னைவிட ஏழு வயது சின்னவள். சமையலிலோ படிப்பிலோ அவள் என்னை மிஞ்சியவள் இல்லை. வந்த புதிதிலேயே இதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்து நிம்மதியாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த வருடம் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், பம்பை மேளம் அடிக்க ஆரம்பித்ததும், அவளுக்கு அருள் வந்துவிட்டது. முடி அவிழ்ந்து, உடம்பு உதறி, அவள் ஆடிய ஆட்டத்தில் ஊரே கைகூப்பி நின்றது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது "பொண்ணு கொஞ்சம் கட்டைதான்" என்று சொன்ன என் வீட்டுக்காரரின் பெரியப்பா, அவள் காலில் விழுந்து மழை வருமா என்று கேட்டார்.

அருள் ஆடுகிறவர் விழுந்து அடிபடாமலிருக்கப் பின்னால் ஒருவர் நின்று இடுப்புச் சேலையை முறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதை அதே வீட்டுப் பெண் செய்வதுதான் எங்கள் வழக்கம். ஆக, அந்த வேலை எனக்கு வந்தது. அவளுக்கு மாலை, எனக்கு மூச்சிரைப்பு. ஆடி முடித்து அவள் என்மேல் சாய்வாள், நான் மஞ்சள் தண்ணீர் கொடுப்பேன். போட்டோ எடுத்தால் அவள் முகம் முழுதாகத் தெரியும், நான் இரண்டு கையாகத் தெரிவேன்.

ஒரு வருடம் நானும் முயற்சி செய்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பம்பைக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணை மூடி, தோளை லேசாகக் குலுக்கிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற சொந்தக்காரம்மா, "ஏன் கண்ணு தேவகி, குளுருதா?" என்று கேட்டுவிட்டார். அதோடு விட்டுவிட்டேன். இன்னொரு வருடம் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தேன். வீட்டுக்காரர் போனில், "இந்த வருசம் கோகிலாவுக்கு சாமி வரலியே" என்றார். அன்று எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

இனி நோய்.

எங்கள் பக்கம் யானை வருவது புதிதில்லை. போன வருடம் நோம்பி பூச்சாட்டித் தொடங்குவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, விடிந்தும் விடியாமலும் சொட்டுநீர் வால்வைத் திறக்கப் போனேன். மோட்டார் ரூமுக்குப் பத்தடி தள்ளி, தென்னைகளுக்கு நடுவே ஒற்றையாக நின்றது. எனக்கு ஓட இருந்த ஒரே இடம் மோட்டார் ரூம்தான். உள்ளே பாய்ந்து தகரக் கதவைச் சாத்தினேன். அது கதவுவரை வந்தது. தும்பிக்கை தகரத்தைத் தடவுகிற சத்தத்தை ஒன்றரை மணி நேரம் கேட்டேன். சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். பிறகு வனத்துறை ஆட்கள் வந்து வேட்டுப் போட்டு விரட்டினார்கள்.

வெளியே வந்து நேராக வீட்டுக்குப் போய் இட்லி ஊற்றினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, கை நடுங்கவில்லை. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்த கோகிலாதான் வெடவெடவென்று நடுங்கினாள். ஆனையைப் பார்த்தவள் நான், நடுங்குகிறவள் அவளா என்று எரிச்சலாக வந்தது. அவளுக்கும் நானே தண்ணீர் கொடுத்தேன். ஊரே என் தைரியத்தைப் பேசியது. அந்த ஒரு வாரம் கோகிலாவைவிட நான் பெரிய ஆள்.

நோம்பியில் தீர்த்தம் கொண்டுவந்த காலை, பம்பை முழங்கியதும், கோகிலாவின் இடுப்பைப் பிடிக்கக் கை நீட்டிய எனக்கு வலது தொடை துடிக்க ஆரம்பித்தது. பிறகு இடுப்பு, பிறகு தோள். "பெரியவளுக்கும் சாமி வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். குலவை கேட்டது. கோகிலா ஆடவில்லை. ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து பிடித்தாள், மஞ்சள் தண்ணீர் கொடுத்தாள். அவள் கையால் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தபோது, பத்தொன்பது வருடக் கடன் வசூலானதுபோல இருந்தது.

உள்ளுக்குள் எனக்குத் தெரியும், அதில் சாமி எதுவும் இல்லை. உருவமில்லாத பயம் மட்டும் இருந்தது. ஆனால் விழுந்து கும்பிடுகிறவர்களிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் அதே நடுக்கம் அடுப்படியில் வந்தது, பிறகு தினமும் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் கால் கொஞ்சம் கனத்துக்கொண்டே போனது. நான் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, அம்மன் என்னை விடமாட்டேன் என்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போகலாம் என்ற வீட்டுக்காரரை, சாமி குத்தம் ஆகிவிடும் என்று அடக்கினேன்.

கோகிலா ஒருத்திதான் விடாமல் சொன்னாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது சாமி இல்லீங்கக்கா. ஆடி முடிச்சா மனசு லேசாகோணும். உங்க மூஞ்சி இருண்டு போயிருக்குதுங்க. ஆஸ்பத்திரி போலாங்க."

"உனக்கு வந்தா சாமி, எனக்கு வந்தா சீக்கா?" என்று கேட்டேன்.

அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன். நான்காம் நாள் குளித்துவிட்டு வரும்போது வலது கால் துணி மாதிரி மடங்கி, வாசற்படியில் விழுந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கால் எழவில்லை.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் நம்பரைப் பார்த்துப் பார்த்து முதல் நாள் போனது. பக்கவாதம் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். எம்.ஆர்.ஐ. என்கிற குழாய்க்குள் அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். உள்ளே தட்தட்டென்ற சத்தம், தலைக்குமேல் ஒரு சாண் இடம். ஒன்றும் அகப்படவில்லை. நரம்பில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள், நரம்பு நன்றாக வேலை செய்தது. தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் பதிந்தார்கள். அந்தச் சோதனையின்போதே எனக்கு நடுக்கம் வந்தது. கட்டிலே ஆடியது. ஆனாலும் காகிதத்தில் கோடுகள் சாதாரணமாகவே ஓடின, அதனால் வலிப்பும் இல்லை என்றார்கள்.

ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் என் வீட்டுக்காரர் "மாரியாத்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகையாக வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு நிஜமான பக்கவாதம். அவருடைய ஸ்கேனில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் மகன் அந்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவான். அவர்களும் உச்சுக்கொட்டிவிட்டு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போவார்கள். எனக்குக் காட்ட ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்தவருடைய பக்கவாதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஜென்மம் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நரம்பியல் டாக்டரம்மா தாராபுரத்துக்காரர். நான்காம் நாள் வந்து என் வலது குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்தார். "வலது காலை அமுத்துங்க" என்றார். எவ்வளவு முக்கியும் அது அசையவில்லை. "சரி, அதை விடுங்க. இடது காலை மேல தூக்குங்க பாக்கலாம்" என்றார். தூக்கினேன்.

"இப்ப வலது கால் என் கைய எப்படி அமுத்துது தெரியுதுங்களா? பலம் போன காலா இருந்தா இப்படி அமுத்துமாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் நடிக்கறேன்னு சொல்றீங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லுவனுங்களா? நடிச்சு இதைக் கொண்டுவர முடியாதுங்க. உங்க தோட்டத்து மோட்டார் மாதிரி வெச்சுக்குங்க, மோட்டார் எரியலீங்க, ஒயரும் அறுந்து போகலீங்க. ஸ்டார்ட்டர் மட்டும் டிரிப் ஆயிருக்குது. நீங்க சுவிச்சைப் போட்டா எடுக்கமாட்டேங்குது. கவனம் வேற பக்கம் போனா தானா ஓடுது." ஆங்கிலத்தில் அதற்கு ஒரு நீளப் பெயர் சொன்னார். ஃபங்ஷனல் என்றால், உறுப்பு கெடவில்லை, அது இயங்குகிற விதம் கெட்டிருக்கிறது என்று அர்த்தமாம். பெரிய பயமோ அதிர்ச்சியோ உடம்பில் தங்கிவிட்டால் சிலருக்கு இப்படி ஆகும் என்றார்.

"பயமா? எனக்கா?" என்று கேட்டேன்.

"ஆனை வந்ததை உங்க வீட்டுக்காரர் சொன்னாருங்க. அன்னிக்கு நடுங்குனீங்களா?"

"இல்லைங்க" என்றேன் பெருமையாக.

"ம்" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மகளுக்குக் கைக்குழந்தை. வீட்டுக்காரர் தோப்பையும் மாடுகளையும் விட்டுவிட்டு வர முடியாது. ஆனாலும் இரண்டு பஸ் மாறி ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டால் "அதெல்லாம் ஆச்சு அம்மணி" என்பார். துணைக்கு வந்தவள் கோகிலா. வேறு யார் வந்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக்கொண்டாள். எனக்குத் தலை வாரினாள், என் தோளைத் தாங்கிப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனாள், கேன்டீன் குழம்பு எனக்கு ஆகாது என்று எங்கிருந்தோ கொள்ளுப் பருப்புக் கடைந்து வாங்கிவந்தாள். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அவளை வெறுப்பதற்கு எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் சொல்லவே இல்லை.

பிசியோதெரபி கூடத்தில் ஜெனிபர் என்ற பெண், உக்கடத்திலிருந்து வருகிறவர். கம்பியைப் பிடித்து நிற்பது, கண்ணாடி பார்த்து அடி வைப்பது என்று காலைப் பழக்கினார். அதோடு மாலையில் இன்னொன்று. மல்லாந்து படுத்து, பாதங்களைச் சேர்த்து வைத்து, முழங்கால்களை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். ஒரு கட்டத்தில் தொடை தானாக நடுங்கத் தொடங்கும்.

"அதைத் தடுக்காதீங்கம்மா. பயந்த நாய்கூட உடம்பை உதறிட்டுத்தான் போகுது. மனுசங்கதான் அடக்கி வெச்சுக்கறோம். நடுக்கம் அதிகமாச்சுன்னா காலை நீட்டிருங்க, நின்னுரும். விடறதும் நிறுத்தறதும் உங்க கையில இருக்கோணும்" என்றார். இது எல்லாருக்கும் ஒத்துவராது, இதை மட்டுமே மருந்தென்று நம்பிவிடவும் கூடாது என்பதையும் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்று, மரக்கட்டையாகக் கிடப்பேன். இல்லையென்றால் திடீரென்று பெரிதாக உதறும், நிறுத்த முடியாமல் நர்ஸ் ஓடிவருவார். ஒருநாள் எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஜெனிபர் கோகிலாவையும் பக்கத்துப் பாயில் படுக்க வைத்தார். இரண்டே நிமிடம். அவள் தொடைகள் குளத்து அலைபோல மெதுவாக நடுங்கின. நடுக்கம் வயிற்றுக்கு ஏறி, தோளுக்குப் போய், தானே இறங்கியது. காலை நீட்டினாள், நின்றுவிட்டது. முகம் கழுவினதுபோல எழுந்து உட்கார்ந்து, "டீ குடிக்கலாங்களாக்கா?" என்றாள்.

"எங்கீங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஜெனிபர் அசந்துபோனார்.

"எங்கூரு கோயில்லீங்க."

ஜெனிபர் சிரிக்கவில்லை. "எங்க சபையிலயும் ஜெபத்துல சிலருக்கு இப்படி நடுங்கும். ரெண்டும் ஒண்ணான்னு எனக்குச் சொல்லத் தெரியலீங்க. ஆனா முடிஞ்சப்புறம் அவங்க முகமும் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

என் நோய், என் பாய், என் வகுப்பு. இங்கேயும் வந்து முதல் மார்க் வாங்கிவிட்டாள். வயிறு எரிந்தது. மறுநாள் நான் நடித்தேன். தொடையை நானே ஆட்டினேன், பெருமூச்செல்லாம் விட்டேன். ஜெனிபர் வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கோகிலா பார்த்துவிட்டாள்.

கூடம் காலியானதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க ஆட்ட வேண்டாங்க. உங்களுக்கு வராததுக்குக் காரணம் எனக்குத் தெரியுங்க."

"சொல்லு, உனக்குத் தெரியாததா?" என்றேன் குத்தலாக.

"பின்னாடி ஆளில்லீங்க உங்களுக்கு." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு எப்படி வருதுன்னு நினைச்சீங்க? பம்பை அடிக்கறப்ப உங்க கை என் இடுப்புச் சேலைய முறுக்குமில்லீங்க, அந்த நிமிசந்தான் வருமுங்க. எப்படி ஆடினாலும் அக்கா விடமாட்டாங்கன்னு உடம்புக்குத் தெரியும். நீங்க பெங்களூரு போயிருந்த வருசம் வேற யாரோ புடிச்சாங்க. வரவே இல்லீங்களே."

அந்த வருடம் கூடுதலாகத் தின்ற தோசைகள் நினைவுக்கு வந்தன.

மறுநாள் மாலை ஜெனிபரிடம் கேட்டுக்கொண்டு, கோகிலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் அவள்மேல் சாய்ந்தேன். என் இடுப்புச் சேலையை முறுக்கிப் பிடித்தாள். அவள் கை இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. முழங்காலை உயர்த்தினேன். இடது தொடை நடுங்கியது, இதமாக. வலது கால் மட்டும் நீட்டிக்கொண்டு விறைத்து எதையோ தள்ளியது.

"என்ன பண்றீங்கக்கா அந்தக் காலுல?"

"கதவை..." என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

"எந்தக் கதவு? மோட்டார் ரூம் கதவா?" கோகிலாவின் குரல் மாறியது. "அக்கா, அந்தக் கதவுக்குத்தான் தாழ்ப்பாளே இல்லீங்களே. தைப்பொங்கலுக்கு முன்னாடியே ஒடிஞ்சு போச்சு. பின்ன எப்படிச் சாத்தியிருந்தீங்க?"

யாருமே கேட்காத கேள்வி அது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்ச்சுவரில் முதுகை வைத்து, வலது காலைத் தகரக் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன். தும்பிக்கை ஒவ்வொரு முறை தடவும்போதும் கதவு என் பாதத்தில் அசையும். கால் எடுத்தால் செத்தேன் என்று ஒன்றரை மணி நேரம். பிறகு எழுந்து இட்லி ஊற்றப் போய்விட்டேன். கால் மட்டும் இன்னும் கதவை விடவில்லை.

"ஆனை போயிருச்சுங்கக்கா" என்று காதருகே கோகிலா சொன்னாள். "நான் புடிச்சிருக்கேன். விடுங்க."

நான் நடுங்கினேன். அழுதேன், மூக்கு ஒழுகியது, பல் கிட்டியது. வலது கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. ஜெனிபர் தூரத்தில் நின்று, "காலை நீட்டினா நின்னுரும்மா, ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார். நீட்டினேன். நின்றது. நானே நிறுத்தினேன். அதற்குப் பின் வந்த அமைதியை எழுதத் தெரியவில்லை. கோயிலில் கோகிலா என்மேல் சாய்கிறபோது அவள் முகத்தில் பார்த்துப் பார்த்து நான் எரிந்த அமைதி அதுதான்.

ஒரே நாளில் எழுந்து நடந்துவிடவில்லை. வாக்கருடன்தான் வீடு திரும்பினேன். ஆடி மாதம் வாக்கர் போய்க் குச்சி வந்தது. தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு, சாமி படத்துக்கு முன்னாலேயே பாய் விரித்துக் கால் மணி நேரம் நடுங்குகிறேன். அதுவும் பூஜைதான் எனக்கு. தையில் டாக்டரம்மா, "குச்சி இனி எதுக்குங்க?" என்று கேட்டார். கீழே வைக்க மனம் வரவில்லை. குச்சி இருக்கும்வரை ஊரார் முதலில் என்னைத்தான் விசாரித்தார்கள், அதற்குப் பிறகுதான் கோகிலாவை.

இந்த வருட நோம்பி வந்தது. தீர்த்தம் வரும் காலை, கோகிலா மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு என் வாசலில் நின்றாள். "வாரீங்களாக்கா?"

என் கையில் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். நான் போகாவிட்டால் அவளுக்கு வராது. "காலு ஒரே வலி கண்ணு. நீ போ" என்றேன். வலி எதுவும் இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். "சரிங்கக்கா" என்று போய்விட்டாள்.

உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பம்பை ஆரம்பித்தது, ஏறியது, உச்சிக்குப் போனது. குலவை வரவில்லை. இறங்கி மறுபடி ஏறியது. குலவை வரவில்லை. இத்தனை வருடமாக நான் விரும்பிய சத்தமின்மை அதுதான். சுவரில் சாய்ந்து அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. உட்கார முடியவில்லை. குச்சியை ஊன்றிக்கொண்டு கிளம்பினேன்.

கூட்டத்தை விலக்கி உள்ளே போனபோது அவள் தலை குனிந்து நின்றிருந்தாள். யாரோ ஒரு பெண் அவள் சேலை நுனியைத் தயங்கித் தயங்கித் தொட்டுக்கொண்டிருந்தாள். அவளை நகர்த்திவிட்டு, நான் கோகிலாவின் இடுப்புச் சேலையை முறுக்கினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது, முடி அவிழ்ந்தது. ஊர் குலவையிட்டது. அவள் முன்னால் பாய்ந்தாள், பின்னால் சாய்ந்தாள், முழு எடையும் என்மேல் வந்தது. பெரியப்பா வழக்கம்போல அவள் காலில் விழுந்தார். எனக்கு வழக்கம்போலப் பொறாமையாக இருந்தது.

ஆடி ஓய்ந்து என் தோளில் சாய்ந்து கண்ணைத் திறந்தவள், என் கைகளைப் பார்த்தாள், பிறகு மண்ணில் ஊன்றியிருந்த என் வலது காலைப் பார்த்தாள்.

"அக்கா, குச்சி எங்கீங்க?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். எங்கே போட்டேன் என்று தெரியவில்லை.

"உன்னப் புடிக்கறதுக்கு ரெண்டு கையும் வேணுமில்ல கண்ணு" என்றேன்.